அருவி ஆற்றாத நோய்

சாரல் காலம். மலைமுகட்டிலே மேகம் தவழ, மரமெல்லாம் நீர் சொட்ட, குற்றாலம் கூட்டத்தால் நிரம்பி வழியும் காலம். ஜூன் திங்களில் தொடங்கிச் செப்டம்பர் வரையிலே, தென்மேற்குப் பருவக்காற்று தருகின்ற கொடை அது. பேரருவி ஒருபுறம் பெருமுழக்கத்தோடு வீழ்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஐந்தருவி. ஒரே பாறைமுகட்டிலிருந்து ஐந்து கிளையாகப் பிரிந்து, ஆடவர்க்கு ஒரு பக்கம், பெண்டிர்க்கு ஒரு பக்கம் என்று அளந்து கொடுத்தாற்போல வீழ்கிறது.

வருவோரில்தான் எத்தனை வகை! நல்லெண்ணெய் தேய்த்து உடல்வலி போக்க வருவோர்; மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிச் சுவைக்க வருவோர்; கவலையை மறக்க வருவோர்; கவிதையைத் தேடி வருவோர். இவர்களோடு வேறொரு வகையினரும் உண்டு. அவர்கள் வருவதில்லை; அழைத்து வரப்படுகிறார்கள். சில வேளை, இழுத்து வரப்படுகிறார்கள்.

"குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியிலே தலையைக் காட்டு, தெளியும்" என்று நம் நாட்டிலே ஒரு பேச்சு உண்டு. ஒருவர் சற்று மாறாகப் பேசினால் கேலிக்காகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேலி வானத்திலிருந்து குதித்ததன்று; வழக்கத்திலிருந்து பிறந்தது. சித்தம் கலங்கியோரை அருவியின் கீழே நிறுத்தினால், வீழும் நீரின் வேகத்திலே கலக்கம் கழுவுண்டு போகும் என்று நெடுநாளாக நம்பி வருகிறார்கள். சென்ற ஆண்டுச் சாரலின்போது, அந்த நம்பிக்கையின் கீழே ஒரு தாய் நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம்.

நாமும் நம் துணைவியாரும் நண்பர் இருவரும் ஐந்தருவிக்குச் சென்றிருந்தோம். குளித்து முடித்துப் பழக்கடையோரம் நின்றிருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து துணைவியார் வந்தார். முகம் வாடியிருந்தது.

"அங்கே ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதுகூட இராது. இருவர் இரு பக்கமும் தோளை அழுத்துகிறார்கள். கையைத் துண்டால் கட்டியிருக்கிறார்கள். அலறுகிறாள், அருவி இரைச்சலிலே யார் காதிலும் விழவில்லை. 'மார் கட்டிப்போச்சு, வலிக்குது, எம் புள்ளையக் குடுங்க' என்கிறாள். அடுத்த நொடி, 'அது எம் புள்ள இல்ல' என்கிறாள்" என்றார்.

சிறிது நேரத்துக்கெல்லாம் அந்தப் பெண்ணை அழைத்து வந்து கடையோரம் உட்கார வைத்தனர். ஈரத்தலை, நெற்றியிலே திருநீறு, எங்கோ நிலைத்த விழி, உதடு மட்டும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அறுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர், தம் தோள் துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துவட்டிய கை நடுங்கியது. பேச்சுக் கொடுத்தோம்.

"எந்த ஊர் அய்யா?"

"சங்கரன்கோயில் பக்கம் தம்பி. இது எம் மவ. புள்ள பெத்து நாப்பது நாளாச்சு. இருவது நாளா இப்பிடித்தான். ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. சுவரோட பேசுதா. புள்ளைய யாரோ மாத்தி வச்சிட்டாங்கன்னு சொல்லுதா."

"மருத்துவரிடம் காட்டினீர்களா?"

"டாக்டருக்கு இதுல என்ன வேலை தம்பி? கோடாங்கி பார்த்தாச்சு. பச்சை உடம்போட உச்சிவேளையில கொல்லைப் பக்கம் போயிருக்கா, காத்துக் கறுப்பு அண்டிட்டுன்னாரு. மூணு நாள் அருவியில நிப்பாட்டினாத் தெளியும்னாரு. இன்னிக்கு ரெண்டாம் நாள்."

"குழந்தை எங்கே?"

"அவ அத்தை கிட்ட இருக்கு. இவ கையில குடுக்கக் கூடாதாம்." பெரியவர் குரல் தாழ்ந்தது. "மொதப் புள்ளையே பொட்டப் புள்ளையாப் போச்சேன்னு அவுக வீட்டுல முன்னாலயே முகம் சரியில்ல. இப்ப இதுவும் சேர்ந்துட்டு. 'இந்தச் சாரலுக்குள்ள தெளிஞ்சாச் சரி, இல்லேன்னா உங்க பொண்ண நீங்களே வச்சுக்கிடுங்க'ன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாவ. மாப்பிள்ளை திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. வாயே திறக்கல."

துணைவியார் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அனலாகக் கொதித்தது. "அம்மா, மகளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. மாரிலே பால் கட்டிச் சீழ் பிடிக்கும் நிலை. காற்றுக் கறுப்புக்குக் காய்ச்சல் வருமா? இந்த உடம்போடு நாளையும் குளிர்ந்த நீரிலே நிறுத்தப் போகிறீர்களா?" என்று தாயைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மையார் அழுதார். பெரியவர் தயங்கினார். "பைத்தியக்கார ஆசுபத்திரின்னு ஒரு பேரு வந்துட்டா, அப்புறம் இவளுக்கு வாழ்க்கை ஏது தம்பி?" என்றார்.

காய்ச்சலுக்கு மருந்து தரும் அதே அரசு மருத்துவமனையிலேதான் இதற்கும் மருந்து உண்டு என்று எடுத்துரைத்தோம். வாதிட்டோம் என்பதைவிட, மன்றாடினோம் என்பதே பொருந்தும். அன்று மாலையே கூட்டிச் சென்றனர். காய்ச்சலுக்கு மருந்து, கலங்கிய மனத்துக்கு மருந்து, எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தூக்கத்துக்கு மருந்து. ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள, குழந்தையையும் கொண்டுவரச் சொன்னாராம் மருத்துவர். பதினோராம் நாள், "பாப்பாவைத் தாங்க" என்று தானே கேட்டு வாங்கி மடியிலே கிடத்திக்கொண்டாளாம். ஆறு வாரம் கழித்துப் பெரியவர் தொலைபேசியிலே பேசினார். "பழைய மவளா ஆயிட்டா தம்பி. மாத்திரையை மட்டும் நிப்பாட்டக் கூடாதுன்னிருக்காக" என்றார்.

ஒரு குடும்பத்திலே நடந்தது இது. அன்று நாம் கண்ட தாய் ஒருத்தி. காணாத தாய்மார் எத்தனை பேர்? அவர்கள் நோய் யாது? அதை உண்டாக்குவது எது? அதைப் போக்க வல்லது எது? இவற்றைச் சிந்திக்கவேண்டாமா, தோழர்களே!

மருத்துவ உலகுக்கு இது புதுச் செய்தியன்று. பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கருவுற்றோர், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரது மனநோய்களைக் குறித்து 1858-ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். இன்றைய மருத்துவம் இதனை மூன்று படியாகப் பிரித்துக் காட்டுகிறது.

முதற்படி, பிரசவித்த சில நாட்களிலே வருகின்ற கண்ணீர். காரணமின்றி அழுகை வரும். காரணமின்றி எரிச்சல் வரும். தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள்ளே தானே தணியும். மருந்து வேண்டியதில்லை, மடியும் ஆறுதலும் போதும்.

இரண்டாம் படி, மனச்சோர்வு நோய். இரண்டு வாரம் கடந்தும் துயரம் கலையாது. குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது. உண்ணப் பிடிக்காது, உடுத்தப் பிடிக்காது, குழந்தையின் முகம் பார்த்தும் மகிழ்ச்சி சுரக்காது. 'நான் தாயாவதற்குத் தகுதியற்றவள்' என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கும். செத்துவிடலாமா என்ற நினைவும் எழும். இது திங்கள் கணக்கிலே நீடிக்கக் கூடியது.

மூன்றாம் படி, நாம் ஐந்தருவியிலே கண்டது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவிலே நேர்வது. பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குள் திடீரெனத் தாக்குவது. இல்லாத குரல் கேட்கும். இல்லாத பகை தோன்றும். பெற்ற பிள்ளையே வேற்றுப் பிள்ளையாகத் தெரியும். இது தாய்க்கும் சேய்க்கும் உயிர்க்கேடு விளைக்கக்கூடிய நிலை. நெஞ்சுவலி வந்தவரை எவ்வளவு விரைவிலே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோமோ, அவ்வளவு விரைவிலே கொண்டுசெல்ல வேண்டிய நிலை. பழைய தமிழ்க் குடும்பங்கள் இதனைச் 'சன்னி' என்றும் 'காற்று' என்றும் 'பேய்' என்றும் அழைத்தன. பெயர் பலவாயிற்று; பரிகாரம் மட்டும் பிறக்கவில்லை.

உடலிலே நடப்பது யாது? கருவுற்ற காலத்திலே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புகள் பன்மடங்கு பெருகி நிற்கின்றன. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள்ளே அவை சரேலென வீழ்கின்றன. இரத்தப்போக்கு, இரத்தச் சோகை, தைராய்டுச் சுரப்பியின் மாறுபாடு, இரவெல்லாம் விழிப்பு ஆகியவை அதனோடு சேர்கின்றன. முன்னரே மனநோய் கண்டவர்க்கும், குடும்பத்திலே அந்நோய் உடையவர்க்கும் ஆபத்து மிகுதி. இதிலே உச்சிவேளைக்கு இடம் எங்கே? கொல்லைப்புறத்துக்கு இடம் எங்கே? காற்றுக்கும் கறுப்புக்கும் இடம் எங்கே?

"ஆனால், அருவியிலே நிறுத்தித் தெளிந்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேனே!" என்று கூறுவார் உண்டு. கண்டிருப்பார். நாம் மறுக்கவில்லை. முதற்படியிலே உள்ள கண்ணீர், அருவிக்கு வந்தாலும் தணியும். அடுப்பங்கரையிலே இருந்தாலும் தணியும். மற்ற இரு படிகளிலே உள்ளோரிலும், நோய் தன் காலத்தை ஓட்டி முடித்துத் தானே இறங்குவது உண்டு. அந்த நேரம் பார்த்து அருவிக்கு வந்தோர் தெளிந்தனர். புகழ் அருவிக்குப் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! தெளியாமல் திரும்பியோரை எவர் எண்ணினர்? நோய் முற்றிக் கிணற்றிலே விழுந்தோரை எவர் கணக்கெடுத்தனர்?

தெளியாதோரைக் கட்டிவைத்த கதையின் முடிவை இந்த நாடு ஒருமுறை நெருப்பிலே கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றிலே தீப்பற்றியது. சங்கிலியிட்டிருந்ததால் ஓட முடியாது 28 பேர் மாண்டனர். அந்தச் சங்கிலியும், ஐந்தருவியிலே நாம் கண்ட துண்டும், ஒரே அறியாமை திரித்த கயிறுகள்.

ஒன்று சொல்லுவோம். அந்தப் பெரியவரைக் கண்டு, "மூடர்!" என்று நகைத்துவிட்டு நகர்ந்திருந்தால், அது பகுத்தறிவு ஆகாது. அவர் மகளை வெறுத்தவரல்லர், நேசித்தவர். கூலிவேலையை விட்டு, கடன் வாங்கி, கையிலே பிடித்துக் கூட்டிவந்தவர். கோடாங்கி அவர் வீட்டுக்கு அருகிலே இருந்தார். மனநல மருத்துவர் தொலைவிலே இருந்தார். கோடாங்கி உட்கார வைத்துக் கதை கேட்டார்; நம்மவர் எவரும் கேட்கவில்லை. மூடநம்பிக்கை நுழைவது, அறிவு எட்டிப் பார்க்காத வீட்டிலேதான். ஆகவே குற்றம் அந்த வீட்டினுடையது மட்டுமன்று. எட்டிப் பார்க்காத நம்முடையதுமாகும்.

மூன்றாம் படி நோய் கூச்சலிடும். ஆதலால் ஊர் கூடும். இரண்டாம் படியோ வாய் பேசாது. அவளை எவரும் அருவிக்கு அழைத்துச் செல்வதில்லை. "சோம்பேறி", "செல்லம் கொடுத்துக் கெட்டவள்", "பிள்ளைமேல் பாசமில்லாதவள்" என்று பட்டம் சூட்டி மூலையிலே உட்கார வைக்கிறார்கள். அவளைப் பற்றி அறிய, வேலூர்ப் பக்கம் வாருங்கள்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களிலே, நிறைமாதக் கருவிலிருந்த 359 பெண்களைச் சந்தித்தார்கள். பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி தேடிச் சென்று விசாரித்தார்கள். 2002-இலே வெளியான அந்த ஆய்வின்படி, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் நூற்றுக்கு 11 பேர். இந்தியா முழுவதிலும் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 தாய்மாரின் கணக்கை ஒன்றுதிரட்டி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழிலே 2017-இல் வெளியிட்டனர். அதிலே கிடைத்த விழுக்காடு 22. ஐந்து தாய்மாரில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்! உங்கள் தெருவிலே இந்த ஆண்டு எத்தனை தொட்டில் கட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

கணியம்பாடி மருத்துவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. எந்தெந்தப் பெண்களை இந்நோய் தேடிப் பிடிக்கிறது என்றும் ஆராய்ந்தார்கள். கிடைத்தவை ஐந்து. அருவியும் ஐந்து, அவலமும் ஐந்து!

ஒன்று, வறுமை. அடுத்த வேளைக்கு அரிசி உண்டா என்று எண்ணியபடி பாலூட்டுகிறவளுக்கு நெஞ்சிலே நிம்மதி எங்கிருந்து வரும்?

இரண்டு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டிலே பெண் பிள்ளை பிறத்தல். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் கூறு தந்தையின் விந்திலே உள்ளது என்று பள்ளிப் பாடநூலிலே படிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பழியைத் தாயின் தலையிலே சுமத்துகிறோம். பாடம் தேர்வுக்கு, பழி வாழ்வுக்கு!

மூன்று, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு. பிள்ளை பெற்றவள் தங்குவது பிறந்தகத்திலா, புகுந்தகத்திலா; சீர் என்ன, செய்முறை என்ன என்று இரு வீட்டாரும் இழுக்கும் கயிற்றின் நடுவே அவள் முடிச்சாக நிற்கிறாள்.

நான்கு, கருவுற்ற காலத்திலே நேர்ந்த இடர்கள். உற்றார் சாவு, கடன், சண்டை, வேலையிழப்பு. வயிற்றிலே பிள்ளையைச் சுமந்தபோதே நெஞ்சிலும் சுமை ஏறிவிடுகிறது.

ஐந்து, கைக்கு உதவி இன்மை. துணி துவைக்க, சோறு பொங்க, இரவிலே ஒரு மணி நேரம் குழந்தையை ஏந்திக்கொள்ள ஆள் இல்லாமை.

இந்த ஐந்தையும் மீண்டுமொரு முறை படித்துப் பாருங்கள், தோழர்களே! இதிலே விதி உண்டா? கிரகம் உண்டா? பேய் உண்டா? எல்லாம் மனிதர் செய்தவை. சுரப்பு வீழ்வது இயற்கை. அந்த வேளையிலே தாங்கிப் பிடிக்காமல் அவளைத் தள்ளிவிடுவது சமுதாயம். மனிதர் செய்தவற்றை மனிதரால் மாற்ற முடியும். சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தக்க இடம் வேறு ஏது?

ஏன் மாற்றவில்லை? அன்னையைத் தெய்வமாக்கிவிட்டோம், அதனாலே! தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டுமா? பசி உண்டா? தெய்வம் அழுமா? தெய்வத்துக்குப் பிள்ளைமேல் எரிச்சல் வரலாமா? வராது. ஆகவே தாய்க்கும் வரக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டோம். வந்தால், அவள் தாயல்ல, பேய் என்கிறோம். தெய்வம், பேய் – இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவிலே மனுஷி என்று ஒரு பெயர் இருப்பதை மறந்தோம். சோர்வடையும் மனுஷி, நோயுறும் மனுஷி, மருந்தும் துணையும் கிடைத்தால் நலம் பெறும் மனுஷி. பீடத்திலே ஏற்றிவைத்துக் கைகூப்பியவர்களை விட, இறக்கி வந்து பாயிலே படுக்கவைத்து, "நீ தூங்கு, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றவர்கள்தான் தாயை மதித்தவர்கள்.

"எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், அவளுக்கு இந்த நோயெல்லாம் வந்ததா?" என்று கேட்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. வந்தது அய்யா! பாட்டி சொல்லவில்லை. சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. கேட்க உங்கள் தாத்தாவுக்கு நேரம் இல்லை. பத்துப் பெற்றதிலே எத்தனை தங்கின, எந்தப் பிரசவத்துக்குப் பின் அவள் ஓராண்டு பேசாமல் இருந்தாள் என்று வீட்டின் மூத்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஊர்க் கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேய்க்கதை ஏன் இருக்கிறது, அந்தப் பேய்கள் பெரும்பாலும் ஏன் பெண்களாகவே இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். அக்காலத்திலே வீடு நிறையக் கைகளாவது இருந்தன. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் ஓரறைக் குடித்தனத்திலே, கணவன் வேலைக்குப் போனபின், நான்கு சுவரும் ஒரு குழந்தையுமாக இருக்கிறாள் இளந்தாய்.

தமிழ்நாடு பிரசவத்தைப் பொறுத்தவரை பெருமை கொள்ளத்தக்க நாடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலே நடந்தன. 2018–20 கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு மாண்ட தாய்மார் 54 பேர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயராலே மகப்பேற்று உதவித்தொகையும் உண்டு. கிராமச் செவிலியர் வீடு தேடி வந்து குழந்தையின் எடையைப் பார்க்கிறார். நன்று! தாயின் உடலை மீட்டோம். உள்ளத்தை மீட்டோமா? குழந்தையின் எடையைக் குறிக்கும் அட்டையிலே, தாயின் மனச்சுமையைக் குறிக்கவும் ஓர் இடம் வேண்டாமா?

கருவி இல்லை என்று கைவிரிக்க முடியாது. 1987-இலே எடின்பரோவிலே மூவர் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினர். ஐந்து நிமிடத்திலே விடை எழுதிவிடலாம்; மதிப்பெண்ணைக் கூட்டினால், யாரை மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று தெரிந்துவிடும். அதன் தமிழ் வடிவம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டு 2005-இலேயே மருத்துவ இதழிலே வெளிவந்துவிட்டது. தமிழிலே தாள் இருக்கிறது, தாய் இருக்கிறாள், இரண்டும் சந்திப்பதுதான் அரிதாக இருக்கிறது. பெங்களூரிலே உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009-இலே, தாயும் சேயும் ஒன்றாகத் தங்கி மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதற்கென்று தனிப் பிரிவையே தொடங்கியது. அத்தகைய பிரிவு ஒவ்வொரு மாவட்டத்தின் தலைமை மருத்துவமனையிலும் வேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

சட்டமும் துணை நிற்கிறது. 2017-இலே நிறைவேறி, 2018 மே 29 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. மனநல நிலையத்திலே சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆபத்து உண்டு என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் பதினைந்து நாளுக்கொரு முறை அந்த முடிவை மறுபடி ஆராயவேண்டும். ஆனால் கோடாங்கி ஒருவர், உடுக்கையை ஒரு தட்டுத் தட்டி, தாயையும் சேயையும் பிரித்துவிட முடிகிறது! சட்டப் புத்தகம் பயணம் செய்யாத ஊருக்கு உடுக்கை ஒலி முன்னே போய்விடுகிறது.

அந்த ஊர்களுக்கு யார் போவது? நீங்கள்தான், இளைஞர்களே! படிப்பகமும் மன்றமும் நடத்துகிறீர்கள். அங்கே ஒரு மாலை இதைப் பேசுங்கள். குழந்தை பெற்ற வீட்டுக்குப் போகும் பெண்தோழர்கள், குழந்தையின் நிறத்தையும் மூக்கையும் பேசும் முன்னர், தாயைத் தனியே நான்கு கேள்வி கேட்கட்டும். குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா? முன்போலச் சிரிக்க முடிகிறதா? உன்னை நீயே பழித்துக்கொள்கிறாயா? வாழ வேண்டாம் என்று தோன்றியதுண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதாலே அந்த எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது. கேட்காததாலேதான் அது வளரும். 'ஆம்' என்று விடை வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். தொலைவு தடையானால், 14416 என்ற எண்ணிலே இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' என்ற பெயரிலே அரசு நடத்தும் பணி அது.

பேச்சினாலேயே தீரும் சோர்வு உண்டு. மருந்து வேண்டும் சோர்வும் உண்டு. மருந்து உட்கொண்டால் பாலூட்டக் கூடாது என்று அஞ்சி நிறுத்திவிடுவோர் பலர். பாலூட்டும் காலத்துக்கு ஏற்ற மருந்துகள் உள்ளன. எது ஏற்றது என்பதை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் சொல்லவேண்டாம்.

ஆண் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். மேடையேறிப் பெண்ணுரிமை முழங்குகிறீர்கள்; கைதட்டல் பெறுகிறீர்கள்; இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிறீர்கள். கதவைத் திறப்பவள், நேற்றிரவும் தூங்காதவள். அன்றைய கூட்டத்திலே நீங்கள் பேசியது உண்மையானால், அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணியை மாற்றுங்கள். விடியும் வரை அவளை உறங்கவிடுங்கள். கணியம்பாடி ஆய்விலே கண்ட ஐந்தாவது காரணத்தைப் போக்கச் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை. நிதியமைச்சர் பணம் ஒதுக்கவேண்டியதில்லை. உங்கள் இரு கைகள் போதும். பெண் குழந்தை பிறந்தால், ஊருக்கெல்லாம் முதலில் இனிப்பு வழங்குகிறவர் நீங்களாக இருங்கள். இரண்டாவது காரணமும் உங்கள் வாசலோடு நின்றுவிடும்.

அருவி அழகியது, நாம் அதற்குப் பகைவரல்லோம். உடல் குளிர, உள்ளம் மகிழ, ஆயிரம் பேர் ஆடிப்பாடிக் குளிக்கட்டும். பிள்ளை பெற்ற தாயும், நலம் பெற்றபின், தன் மகளை இடுப்பிலே ஏந்தி வந்து, தன் விருப்பத்தோடு சாரலிலே நனையட்டும். கட்டிய கையோடு அவளை அங்கே நிறுத்தும் வழக்கம் மட்டும் ஒழியட்டும். "பிள்ளை நலமா?" என்று கேட்க இந்த நாட்டுக்கு எவரும் கற்றுத்தரவேண்டியதில்லை. "பெற்றவள் நலமா?" என்று கேட்டு, அவள் விடை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையைத்தான் கற்கவேண்டும். அந்தப் பாடத்தை அவரவர் வீட்டிலேயே, இன்றிரவே தொடங்கலாம்.